கோலமீன்

என் அத்திம்பேர் வெங்கடராமன் ஒரு பொருளைக் கண்டால் முதலில் ஆசைப்படுவார். அதை எடுத்துக்கொள்வதற்கான நியாயம் பின்னால் நிதானமாக வந்து சேரும். வராமல் இருந்ததே இல்லை. பொதுப்பணித் துறையில் எஞ்சினியர்; விடையை முதலில் எழுதிவிட்டு வழியைப் பிறகு போட்டுக் காட்டக்கூடிய மூளை. கோலமீன்கள் பெங்களூர் மல்லேஸ்வரத்துக்கு வந்ததும் அப்படித்தான்.

தென் கன்னட ஜில்லா மைசூரோடு சேர்ந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பக்கத்து மலை ஓடை ஒன்றின் குறுக்கே அணை கட்ட முடியுமா என்று பார்த்துவர அத்திம்பேரை அனுப்பினார்கள். பயணிகள் பங்களாவுக்குக் கீழே ஓடை வளைகிற இடத்தில் ஒரு மடு. முழங்கால் ஆழம், அடியில் உருண்டைக் கற்கள், கண்ணாடி மாதிரித் தண்ணீர். அதில் அந்த மீன்கள் நின்றுகொண்டிருந்தன. நீந்தவில்லை, நின்றன என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஓடுகிற தண்ணீரை எதிர்த்து மூக்கை நீட்டிக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்றனவாம்.

பங்களாக் காவல்காரனிடம் வலை வீசச் சொல்லி, பிடிபட்டதை ஒரு மண்பானையில் விட்டு, ஜீப்பில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தார். சாம்பல் நிற உடம்பு, பாதி உள்ளங்கை அகலம், பக்கவாட்டில் வரிசை வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். என் அக்கா ஜகதாம்பாள் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"யாரோ புள்ளி வெச்சுட்டுக் கோலத்தை முடிக்காமப் போயிட்டா மாதிரி இருக்கு" என்றாள். அன்றிலிருந்து அது கோலமீன்.

நியாயம் அடுத்த வாரம் வந்தது. அத்திம்பேருக்குத் தெரிந்த விலங்கியல் புரொபசர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, இந்த வகையை வேறு எந்த ஓடையிலும் தாம் கண்டதில்லை, அந்தப் பக்கத்தில் மட்டுமே இருக்கக்கூடும் என்றார். அத்திம்பேர் முகத்தில் ஒரு தேஜஸ் வந்தது. அணை வந்தால் ஓடை ஏரியாகும், மடு அடியில் போகும், மீனும் போகும். ஆகவே அவர் மீன் பிடித்துக்கொண்டு வரவில்லை. ஓர் இனத்தைக் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அணைக்கு அளவெடுத்தவரும் அவர்தான், அணையிலிருந்து மீனைக் காப்பாற்றியவரும் அவர்தான். இதில் ஏதோ உதைக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. நான் பெண்கள் ஹைஸ்கூலில் பூகோளம் நடத்திக்கொண்டு அவர்கள் வீட்டில் ஒண்டியிருந்தவள். என் கல்யாணத்தைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களுக்கு மீன் வந்தபிறகு வேறு பேச்சுக் கிடைத்தது. அதற்காகவே சும்மா இருந்தேன்.

தொட்டியைக் கட்டித் தந்தவர் டொமினிக். விமானத் தொழிற்சாலையில் டிராப்ட்ஸ்மன், கண்டோன்மெண்ட் பக்கம் வீடு. பெங்களூரில் மீன் வளர்க்கிற பைத்தியங்கள் மாதம் ஒருமுறை கூடுவார்கள், அங்கே அத்திம்பேருக்குப் பழக்கம். எதையும் அடித்துப் பேசுவார். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து, ஹாலில் ரேடியோவுக்குப் பக்கத்தில் தொட்டியை நிறுத்திவிட்டு, அக்காவிடம் பாடம் நடத்தினார்.

"மேடம், மெயின் விஷயம் தண்ணி. கொழா தண்ணிய அப்படியே ஊத்துனீங்கன்னா மருந்து வாசனையிலயே மீனு காலி. ராத்திரி பூரா பாத்திரத்துல பிடிச்சு வெச்சுடுங்க. காலைல பழசக் கொஞ்சம் மோந்து எடுத்துட்டு, புதுச ஊத்துங்க. தினம். அவ்ளோதான்."

"நன்னாத் தேய்ச்ச பாத்திரமா இருக்கணுமோ?"

"ஆமா மேடம். க்ளீனா இருக்கணும்."

அக்காவிடம் க்ளீனான பாத்திரத்துக்கா பஞ்சம். கல்யாணச் சீராக வந்த தாமிர அண்டா ஒன்று சமையலறை மூலையில் இருந்தது. எங்கள் வீட்டில் குடிக்கிற தண்ணீர், பூஜைத் தண்ணீர் எல்லாம் அதில்தான். கங்கா ஜலம் வந்தால் செம்புச் சொம்பில் வரும். சந்தியாவந்தனத்துக்குப் பஞ்சபாத்திரம் செம்பு. வயிற்றுக்கோளாறு என்றால் செம்பில் வைத்த தண்ணீரைக் குடி என்பார்கள். மீனுக்கும் அதுவே என்று அக்கா முடிவு செய்தாள். அந்த மரியாதையை அவள் விருந்தாளிகள் எல்லோருக்கும் கொடுப்பதில்லை.

சாப்பாட்டில்தான் கொஞ்சம் வாய்ச்சண்டை நடந்தது. டொமினிக் ஒரு டப்பா நிறைய உயிர்ப்புழு கொண்டுவந்தார். அக்கா டப்பாவையும் அவரையும் வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிட்டாள். வெந்த கீரை, பட்டாணி, சாதம் என்று ஆரம்பித்தாள். பிறகு கொல்லைத் தொட்டியில் நெளிந்த கொசுப் புழுக்களை ஒரு நாள் அவளே வடிகட்டிக் கொண்டுவந்து போட்டாள்.

"இது மட்டும் என்னவாம்?" என்றேன்.

"இது நம்மாத்துலயே பொறந்தது."

ஏகாதசியன்று மீன்களும் பட்டினி. டொமினிக்கிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மாதத்தில் இரண்டு நாள் வயிறு காய்ந்தால் மீனுக்கு நல்லது என்று ஆமோதித்தார். அக்கா அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

ஜனங்கள் பார்க்க வர ஆரம்பித்தார்கள். மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்துகிற மாமிகள் கண்ணாடிக்கு முன்னால் காபியோடு உட்கார்ந்தார்கள். தபால்காரன் எங்கள் வீட்டை 'மீன் மனெ' என்றான். அத்திம்பேர் ஒவ்வொருவருக்கும் அணைக் கதையை முதலிலிருந்து சொல்லுவார். "அங்க இருந்தா எப்படியும் போகப்போறது. இங்க நாலாவது நிக்கும்" என்று முடிப்பார். கேட்டவர்கள் தொட்டியையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பெரிய காரியம் என்பார்கள்.

முதல் மீன் ஒரு சனிக்கிழமை செத்தது. காலையில் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்கியது, மத்தியானம் மிதந்தது. அடுத்த சனிக்கிழமை இன்னொன்று. நடுவில் ஒரு வாரம் சும்மா போயிற்று, அதற்கடுத்த சனிக்கிழமை மறுபடி. மற்ற நாட்களில் மீன்கள் சோர்ந்து கிடந்தன, ஆனால் சாகிறது என்றால் சனிக்கிழமைதான்.

இதை முதலில் கவனித்தவள் அக்கா. கவனித்தவள் போய் நின்ற இடம் கோயிலில் நவக்கிரக சந்நிதி. சனி பகவானுக்கு எள் விளக்கு ஏற்றினாள், காக்காய்க்குச் சாதம் வைத்தாள். தொட்டி இருந்த மூலை சரியில்லை என்று யாரோ சொல்ல, ரேடியோவுக்கு இந்தப் பக்கம் மாற்றினார்கள். மீனுக்கு ஏழரையா, அத்திம்பேருக்கா என்று எதிர்வீட்டு சரசு மாமி சந்தேகம் கேட்டாள். யார் ஜாதகத்தைப் பார்ப்பது என்று அக்காவுக்கும் தெரியவில்லை.

அத்திம்பேர் விளக்கு ஏற்றவில்லை. அவர் டூர் போனார். போன ஒவ்வொரு தடவையும் மண்பானையில் புதிதாகச் சில மீன்களோடு திரும்பினார். தொட்டி குறைந்தது தெரியாமல் நிரம்பியது. ஒரு தடவை நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"அத்திம்பேர், இங்கேயும் சாகறதே. அங்கேயாவது அணை வரவரைக்கும் இருக்கலாமோன்னோ?"

"பூகோளம் வேற, உயிர்நூல் வேற ருக்கு. புது எடத்துல முதல்ல கொஞ்சம் போகும். தாங்கறது நிக்கும். நின்னதுலேர்ந்து குஞ்சு வரும். அப்பறம் கவலையே இல்லை."

பதிலில் ஓட்டை இல்லை. அவர் பதிலில் ஓட்டை இருந்தால் எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ஓடையில் எத்தனை மீன் இருக்கிறது என்பதை மட்டும் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பங்களாக் காவல்காரன் முன்பு அரை மணியில் பிடித்ததை இப்போது நாள் முழுக்க நின்று பிடிக்கிறான் என்று ஒரு தடவை பெருமையாகச் சொன்னார். காவல்காரனின் விசுவாசத்தைப் பற்றிய பெருமை அது.

அந்தத் தை மாதம் சரசு மாமியின் பெண்ணுக்குக் கல்யாணம். கல்யாணம் என்றால் தெருவில் இருக்கிற பெரிய பாத்திரமெல்லாம் அந்த வீட்டுக்குப் போகும். எங்கள் அண்டாவும் போயிற்று. கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, வந்த உறவுக்காரர்கள் ஊர் திரும்புகிற வரை அங்கேயே இருந்தது. அதுவரை அக்கா மீன் தண்ணீரைக் கொல்லையில் கிடந்த பழைய மண்தொட்டியில் பிடித்து வைத்தாள். அதில் வைத்ததற்காக மீன்களிடம் மன்னிப்புக்கூடக் கேட்டாள். நான் காதால் கேட்டேன்.

மீன்கள் எழுந்துகொண்டன. எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. மூலையில் சாய்ந்து கிடந்தவை கண்ணாடி ஓரமாகச் சுற்றின, ஒன்றையொன்று விரட்டின. புள்ளிகள் வெள்ளை வெளேரென்று ஆயின. சனிக்கிழமை வந்தது, போயிற்று. அடுத்த சனிக்கிழமையும் வந்தது, போயிற்று. பகவான் மனசு இரங்கிவிட்டார் என்று அக்கா நவக்கிரகத்துக்கு எள்சாதம் பண்ணிக்கொண்டு போனாள்.

அண்டா ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. கல்யாண வீட்டில் கறுத்துப் போயிருந்தது. அக்கா வழக்கமான வெள்ளிக்கிழமைத் தேய்ப்பைவிட அதிகமாகப் புளி போட்டு, சூரியன் மாதிரிப் பளபளக்கிற வரைக்கும் தேய்த்தாள். தண்ணீர் பிடித்து வைத்தாள். மறுநாள் காலை குளித்துவிட்டு வந்து, மீனுக்கு ஊற்றினாள்.

மத்தியானத்துக்குள் எல்லாம் போய்விட்டன. இரண்டைத் தவிர. அவை அடிக்கல்லுக்குப் பின்னால் தண்ணீர் அதிகம் கலக்காத இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அத்திம்பேர் வலையால் ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டார். அக்கா தொட்டியைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்று அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ருக்கு, வெள்ளிக்கெழமை தேய்க்கறேன், சனிக்கெழமை ஊத்தறேன்" என்றாள்.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அத்திம்பேருக்கு உடனே புரிந்துவிட்டது. முறத்தைக் கீழே வைத்தார். புளிபோட்ட ரசத்தைச் செம்புப் பாத்திரத்தில் வைத்தால் களிம்பேறும் என்று எங்கள் வீட்டில் வேலைக்காரி சந்திரம்மாவுக்குக்கூடத் தெரியும். அந்தக் களிம்பு விஷம் என்பதும் தெரியும். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல், புளி போட்டுத் தேய்த்த அன்று இன்னும் அதிகமாக, இறங்குகிற செம்பு நமக்கு மருந்து, அதற்குள்ளேயே மூச்சு விடுகிற ஜந்துவுக்கு என்ன என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. தீர்த்தம் வைக்கிற பாத்திரத்தைச் சந்தேகப்பட எங்களுக்கு வராது.

சாயங்காலம் டொமினிக் வந்தார். அண்டாவைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"செம்பா? ஐயோ மேடம். பாத்திரம்னுதான் சொன்னேன், எந்தப் பாத்திரம்னு நான் கேக்கவே இல்லயே. எங்க வூட்ல கெரசின் டின்னுங்க. அதுவே எல்லார் வூட்லயும் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

"உங்க மேல தப்பில்லை" என்றாள் அக்கா. யார்மேல் தப்பு என்று சொல்லவில்லை. அண்டாவைக் கவிழ்த்துப் பரணில் ஏற்றச் சொன்னாள். அதற்கப்புறம் நாங்கள் மண்பானைத் தண்ணீர்தான் குடித்தோம்.

பங்குனியில் இன்னொரு செய்தி வந்தது. அத்திம்பேர் ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னார். துளை போட்டுப் பார்த்ததில் அந்த இடத்துப் பாறை சரியில்லையாம். அணை அங்கே இல்லை, வேறு ஆற்றில் வேறு இடத்தில் பார்க்கப்போகிறார்கள். ஓடை அப்படியே இருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நான் கெட்டவளாகிவிடுவேன். ஆனால் வந்தது. பிறகு தொட்டியில் நின்ற இரண்டையும் பார்த்தபோது அடங்கிவிட்டது.

அக்கா சிரிக்கவில்லை. அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்தாள். அவள் அவருக்கு எதிரில் உட்காருவது அபூர்வம்.

"அப்போ அதுகளை அதுகளோட எடத்துல கொண்டு விட்டுடுங்கோ."

"ரெண்டையா?"

"ரெண்டுதானே மிச்சம்."

"போன தடவை காவல்காரன் நாள்பூராத் தண்ணியில நின்னான். ஒண்ணுகூட வரலை. உன்கிட்டச் சொல்லலை. அங்க இப்ப இல்லை ஜகதா. இந்த ரெண்டை விட்டா ஒரு மழை போறும், எங்கேயோ அடிச்சுண்டு போயிடும். பாம்பு தின்னும், நாரை தின்னும். இங்க இருந்தா குஞ்சு பொரிக்கும். நூறு குஞ்சு வரட்டும், நானே கொண்டுபோய் விடறேன். தண்ணி விஷயமும் இப்பத் தெரிஞ்சுபோச்சு."

"பொரிக்கும்னு என்ன நிச்சயம்?"

"ஒரே கல்லைச் சுத்திண்டு ஜோடியாத்தானே இருக்கு, பாரேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். முதல் முறையாக அவர் சொன்னது உண்மையிலேயே நியாயமாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்தவரிடமே மிச்சத்தையும் விட்டுவைப்பதுதான் உத்தமம் என்கிற இடத்துக்கு அவர் வந்து சேர்ந்திருந்தார், நாங்களும் கூடவே வந்திருந்தோம். "பொரிக்கட்டும், அப்பறம் கொண்டு விடட்டும்" என்றேன். அக்கா எழுந்து போனாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் முட்டைக்காகக் காத்திருந்தோம். வேறு பேச்சு இல்லை. அத்திம்பேர் ஆபீசிலிருந்து வந்ததும் கண்ணாடி முன்னால் உட்காருவார். டொமினிக் தட்டைக் கல் ஒன்றைத் தேடிக்கொண்டு வந்து சாய்த்து வைத்தார். அக்கா ஒரு நாள் வாசற்படியில் நின்றுகொண்டு, அவருடைய புழு டப்பாவை உள்ளே கொண்டுவரச் சொன்னாள். அவர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். "பிள்ளைத்தாச்சிக்கு வேண்டியதைக் கொடுக்கணும்" என்றாள் அக்கா. டப்பாவை அவள் கையாலேயே திறந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான், ஆனால் திறந்தாள்.

இரண்டில் ஒன்றுக்கு வால் துடுப்பு கிழிந்திருந்தது. மற்றது கொஞ்சம் பெரியது. பெரியதுதான் பெண், கிழிந்த வால் ஆண் என்று அத்திம்பேர் சொன்னார். டொமினிக் எதிலும் அடித்துப் பேசுகிறவர், இதில் மட்டும் தாடையைச் சொறிந்தார். இந்த ஜாதியில் வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, முட்டை வைத்தால்தான் தெரியும் என்றார்.

ஆடி வெள்ளியன்று காலை பெரிய மீன் தட்டைக் கல்லின்மேல் வயிற்றை உரசிக்கொண்டே போயிற்று. போன வழியெல்லாம் கடுகு மாதிரி மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. கிழிந்த வால் பின்னாலேயே போயிற்று, அதே மாதிரி உரசிற்று. பிறகு இரண்டும் கல்லின் இரண்டு பக்கமும் நின்று துடுப்பால் விசிறத் தொடங்கின. டப்பாப் புழு ஒன்று அந்தப் பக்கம் வந்தால்கூடச் சேர்ந்து விரட்டின.

அத்திம்பேர் ஆபீஸ் போகவில்லை. அக்கா பாயசம் வைத்தாள். சரசு மாமி வந்து, வளைகாப்பு பண்ணாமலே பிரசவம் ஆயிடுத்தே என்றாள். டொமினிக்குக்கு அன்று இலை போட்டு ஹாலிலேயே சாப்பாடு. தொட்டி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்குப் போய்வருகிறவர் அவர்; உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அத்திம்பேர் பாயசத்தைக் குடித்துவிட்டு, "நூறுக்கு மேல இருக்கும்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். அந்த நிமிஷம் எனக்கும் அவர்மேல் பிரியமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் முட்டைகள் வெளுத்தன. பஞ்சு மாதிரி பூத்துக் கல்லிலிருந்து உதிர்ந்தன. மீன்கள் அப்புறமும் வெறும் கல்லை விசிறிக்கொண்டிருந்தன.

"முதல் ஈடு சார், அப்படித்தான் போவும்" என்றார் டொமினிக். "அடுத்த வாட்டி பாருங்க."

அடுத்த தடவை ஆவணியில் வந்தது. அன்று நானும் அக்காவும் மட்டும் வீட்டில் இருந்தோம். அக்கா தண்ணீர் மாற்ற வந்தவள் பாதியில் நின்றாள்.

கல்லின்மேல் உரசிக்கொண்டு முன்னால் போனது கிழிந்த வால். அது போன வழியில் மஞ்சள் கடுகு வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்தது. பெரியது பின்னாலேயே போயிற்று. அதன் பின்னாலும் ஒட்டிற்று.

அக்கா சொம்பைக் கீழே வைத்தாள். "ரெண்டுமா" என்றாள்.

இரண்டு தாயும் கல்லின் இரண்டு பக்கமும் நின்று விசிறத் தொடங்கின. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ரேடியோமேல் போட்டிருந்த துணியை எடுத்து, வெளிச்சம் படாமல் தொட்டிமேல் போர்த்தினாள். பிரசவ அறை ஜன்னலை அப்படித்தான் மூடுவார்கள்.

சாயங்காலம் அத்திம்பேரிடம் சொன்னது நான். அவர் துணியை விலக்கிப் பார்த்தார், மறுபடி மூடினார். மறுநாள் லீவு போட்டுவிட்டு, மண்பானையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். டூர் இல்லாததால் ஜீப் இல்லை. ஒரே ஓர் ஆண் மீன் கிடைத்தால் போதும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அவர் வருவதற்குள் முட்டைகள் வெளுத்து உதிர்ந்துவிட்டன. அக்கா கல்லைக் கழுவி வைத்தாள்.

அவர் ஒரு மத்தியானம் திரும்பினார். முகம் கறுத்து, வேட்டி முழங்கால் வரை சேற்றுக் கறை. அவர் தானே தண்ணீரில் இறங்கியிருக்கிறார். பானையின் வாயில் துணி கட்டியிருந்தது. பஸ்ஸில் மடிமேலேயே வைத்துக்கொண்டு வந்திருப்பார் போலிருக்கிறது, அங்கவஸ்திரம் நனைந்திருந்தது. பானையை ஹாலில் இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா ஓடிவந்து துணியை அவிழ்த்தாள். உள்ளே கையை விட்டாள், துழாவினாள்.

"மேலயும் கீழயும் நடந்தேன். மத்த மீனெல்லாம் இருக்கு" என்றார். "காவல்காரன்கிட்ட, என்னப்பா, ஒண்ணுகூட இல்லையான்னு கேட்டேன். 'நீவே தகொண்டு ஹோதிரல்லா, சுவாமி'ங்கறான்."

நீங்களேதானே கொண்டு போனீர்கள் என்கிறான். குற்றமாகச் சொல்லவில்லையாம். மறந்துபோன பெரியவருக்கு நினைவுபடுத்துகிற மாதிரிச் சொன்னானாம்.

அக்கா கையை வெளியே எடுத்தாள். "வெறும் தண்ணிதானே இது. எதுக்குச் சுமந்துண்டு வந்தேள்?"

"மடுத் தண்ணி. மோந்துட்டேன். கொட்ட மனசு வரலை."

அக்கா பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். துணியை விலக்கினாள். டொமினிக் சொன்ன மாதிரி பழையதை மோந்து எடுக்கவில்லை, எதுவும் செய்யவில்லை. மூலையில் பானையைச் சாய்த்து மெல்ல ஊற்றினாள்.

இரண்டும் கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தன. தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேராக, அதை எதிர்த்து மூக்கை நீட்டிக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்தத் தொட்டியில் எந்த மீனும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அத்திம்பேர் மட்டும் பார்த்திருக்கிறார், வேறு இடத்தில். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் காத்திருந்தேன். அவரிடமிருந்து நியாயம் எதுவும் வரவில்லை.

அக்கா பானையைச் சாய்ப்பதைக் குறைத்துக்கொண்டே வந்தாள். நூல் மாதிரி விழுந்தது, பிறகு சொட்டிற்று. பானையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கடைசிச் சொட்டு விழுகிறவரை நின்றாள்.

தண்ணீர் நின்றுவிட்டது. மீன்கள் நகரவில்லை. இன்னும் வரும் என்று அங்கேயே நின்றன.